அறிகுறிக்காகக் காத்திருக்கச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாளிதழ்களின் மருத்துவப் பகுதிகளில் பால்வினைத் தொற்றுகளைப் பற்றி வரும் கேள்வி–பதில்களைத் தொடர்ந்து படித்துவருகிறேன். பதில் எழுதும் மருத்துவர்கள் பெரும்பாலும் பொறுப்போடும் கனிவோடும்தான் எழுதுகிறார்கள். ஆயினும் பல பதில்களின் முடிவில், ‘புண், எரிச்சல், சீழ் போன்ற அறிகுறிகள் தென்பட்டால் உடனே மருத்துவரை அணுகிப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்’ என்ற வரி தவறாமல் இடம்பெறுகிறது. ரத்தம், சிறுநீர் மாதிரிகளோடு ஆய்வகத்தில் பணிக்காலத்தைக் கழித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில், அந்த ஒரு வரியைப் பற்றியே இக்கடிதத்தை எழுதுகிறேன். அறிகுறி உள்ளவருக்கு அது சரியான அறிவுரைதான். ஆனால் அறிகுறி ஏதும் இல்லாத வாசகர் அதைப் படித்துவிட்டு, ‘எனக்கு ஒன்றும் தெரியவில்லை, ஆகவே எனக்குப் பரிசோதனை வேண்டியதில்லை’ என்று முடிவுசெய்துகொள்கிறார். இந்தத் தொற்றுகளைப் பொறுத்தவரை அதைவிட ஆபத்தான முடிவு வேறில்லை.

கிளமிடியா தொற்றிய பெண்களில் பெரும்பாலானவர்களுக்கும், ஆண்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கும் எந்த அறிகுறியும் தோன்றுவதில்லை. கொனோரியா ஆண்களின் சிறுநீர்க்குழாயில் பெரும்பாலும் எரிச்சலாலும் சீழாலும் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். பெண்களிடத்திலும், இரு பாலாரின் தொண்டையிலும் ஆசனவாயிலும் அது பெரும்பாலும் ஓசையின்றியே இருக்கும். சிபிலிஸின் போக்கு இன்னும் ஏமாற்றக்கூடியது. முதலில் தோன்றும் புண்ணில் வலி இருக்காது. மூன்று முதல் ஆறு வாரங்களில் மருந்தே இல்லாமல் தானாக ஆறிவிடும். அதன்பின் சில வாரங்கள் கழித்து உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும்கூடத் தடிப்புகள் தோன்றலாம், அவையும் மறைந்துவிடும். குணமாகிவிட்டது என்று அந்த மனிதர் நிம்மதியடையும் அதே நேரத்தில் கிருமி உடலுக்குள் ஒதுங்கிக்கொள்கிறது. பல ஆண்டுகள் கழித்து மூளையையும் கண்ணையும் இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியையும் அது தாக்கக்கூடும். இடைப்பட்ட அந்த நீண்ட காலத்தில் நோய் இருப்பதைச் சொல்லக்கூடியது ரத்தப் பரிசோதனை ஒன்றுதான்.

இது எங்கோ சிலருக்கு வரும் நோய் என்ற எண்ணத்துக்கும் இடமில்லை. கிளமிடியா, கொனோரியா, சிபிலிஸ், ஒட்டுண்ணி ஒன்றால் வரும் டிரைக்கோமோனாஸ் ஆகிய நான்கில் மட்டும், 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் 15 முதல் 49 வயது வரையுள்ளோரிடையே 37.4 கோடிப் புதிய தொற்றுகள் ஏற்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. நாளொன்றுக்குப் பத்து லட்சத்துக்கும் மேல் என்று பொருள். நான்கும் மருந்தால் குணமாகக்கூடியவை. ஆரம்பநிலை சிபிலிஸுக்குப் பென்சத்தீன் பென்சிலின் ஊசி ஒரே ஒரு முறை போட்டுக்கொண்டால் போதும். கிளமிடியாவுக்கு ஏழு நாள் மாத்திரை. குணப்படுத்துவது இவ்வளவு எளிதாகிவிட்ட பிறகும் கண்டுபிடிக்காமல் விடுவதால்தான், கருக்குழாய்கள் அடைபட்டுக் குழந்தைப்பேறு தடைபடுவதும், கருப்பைக்கு வெளியே கரு தங்கிப் பெண்ணின் உயிருக்கே ஆபத்தாவதும் இன்றும் நிகழ்கின்றன.

யார் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்ற கேள்விக்கு விடை சொல்லும்போது நம் எழுத்தில் ஒழுக்கம் பற்றிய தீர்ப்பு ஒன்று எப்படியோ உள்ளே நுழைந்துவிடுகிறது. ‘பலருடன் தொடர்பு வைத்திருப்பவர்கள்’ என்று எழுதினால், அந்தச் சொற்றொடருக்குள் தம்மை வைத்துப் பார்க்க எவரும் முன்வருவதில்லை. வாழ்நாளில் ஒரே ஒருவரோடு மட்டும் வாழ்ந்தவருக்கும், அந்த ஒருவரின் முந்தைய வாழ்க்கை வழியாகத் தொற்று வரலாம். எனவே விடையை நிகழ்வுகளைக் கொண்டு சொல்வது நல்லது. புதிய துணையோடு உறவு தொடங்கும்போதும், ஆணுறையைக் கைவிடலாம் என்று இருவர் தீர்மானிக்கும்போதும், திருமணத்துக்கு முன்பும், துணைக்குத் தொற்று உறுதியாகும்போதும், பாலியல் வன்முறைக்கு ஆளான பின்னும் பரிசோதனை தேவை. ஒரு தொற்று உறுதியானால் மற்றவற்றுக்கும் சேர்த்துப் பார்ப்பதே முறை. துணைகள் மாறக்கூடிய வாழ்க்கை உள்ளவர்கள் அறிகுறியை எதிர்பாராமல் ஆண்டுக்கு ஒருமுறையேனும், வாய்ப்பு அதிகமெனில் மூன்று மாதங்களுக்கு ஒருமுறையும் பார்த்துக்கொள்ளலாம். திருமணத்துக்கு முன் என்று சொன்னேன். அந்தப் பரிசோதனையைப் பெண்ணிடம் மட்டும் கேட்கும் குடும்பங்களும் உண்டு, மாப்பிள்ளையிடம் மட்டும் கேட்கும் குடும்பங்களும் உண்டு. ஒருவரை மட்டும் சோதிப்பது சந்தேகம். இருவரும் சேர்ந்து செய்துகொள்வதுதான் மருத்துவம்.

கர்ப்பிணிகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். கர்ப்பம் உறுதியானதும் எச்.ஐ.வி., சிபிலிஸ், ஹெபடைட்டிஸ் பி ஆகிய மூன்றுக்கும் பரிசோதிக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. 2022இல் ஏறக்குறைய 11 லட்சம் கர்ப்பிணிகளுக்குச் சிபிலிஸ் இருந்தது என்றும், அதனால் குழந்தை இறந்து பிறத்தல், பிறந்தவுடன் இறத்தல், பிறவியிலேயே தொற்றோடு பிறத்தல் உள்ளிட்ட பாதிப்புகள் 3.9 லட்சத்துக்கும் மேல் நேர்ந்தன என்றும் அந்நிறுவனமே மதிப்பிட்டிருக்கிறது. காலத்தோடு பரிசோதித்துப் பென்சிலின் கொடுத்திருந்தால் இவற்றில் மிகப் பெரும்பாலானவற்றைத் தடுத்திருக்க முடியும். குடும்ப மானத்தைக் கருதி அந்தப் பரிசோதனையை மட்டும் விட்டுவிடச் சொல்லும் மாமியார்களும் கணவர்களும், யாருடைய உயிரைப் பணயம் வைக்கிறோம் என்பதை அறிந்து சொல்வதில்லை.

ஆய்வகப் பணியில் நான் மிக அதிகமாகக் கண்ட தவறான நம்பிக்கை வேறொன்று. ‘முழு உடல் பரிசோதனை செய்துகொண்டேன், எல்லாம் நார்மல் என்று வந்துவிட்டது’ என்பார்கள். சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கும். பால்வினைத் தொற்றுகள் வழக்கமாக இருக்காது. கேட்டால்தான் செய்வார்கள். கேட்கும்போதும், எல்லாத் தொற்றுகளையும் காட்டும் ஒற்றைப் பரிசோதனை என்று எதுவும் கிடையாது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். எச்.ஐ.வி., சிபிலிஸ், ஹெபடைட்டிஸ் பி ஆகியவற்றை ரத்தத்தில் பார்க்கிறோம். கிளமிடியாவையும் கொனோரியாவையும் கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனையால் கண்டறிகிறோம். அதற்கு ஆண்களிடம் சிறுநீரும், பெண்களிடம் பிறப்புறுப்பிலிருந்து பஞ்சுக்குச்சியால் எடுத்த மாதிரியும் சிறந்தவை. அந்த மாதிரியைப் பெண்ணே தனியறையில் தானாக எடுத்துக் கொடுக்கலாம். மருத்துவர் எடுத்ததற்கு அது எவ்விதத்திலும் குறைந்ததன்று. உடற்பரிசோதனைக்கு அஞ்சியே வராமலிருக்கும் பெண்களுக்கு இச்செய்தி போய்ச் சேர வேண்டும்.

சிறுநீர் கொடுப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. சர்க்கரைக்கும் சிறுநீர்த் தொற்றுக்கும் நடுப்பகுதிச் சிறுநீரைக் கேட்டுப் பழகியதால், பலர் இதற்கும் முதலில் வருவதை விட்டுவிட்டுப் பிறகு வருவதைப் பிடித்துக் கொடுக்கிறார்கள். இங்கே தேவைப்படுவது முதலில் வரும் சிறுநீர்தான். அதற்கு முன் ஒரு மணி நேரமாவது சிறுநீர் கழிக்காமல் இருந்திருக்க வேண்டும். மேலும், சிறுநீரில் ஒன்றுமில்லை என்ற அறிக்கை தொண்டையைப் பற்றியோ ஆசனவாயைப் பற்றியோ எதுவும் சொல்லாது. எந்தெந்த வகையில் உறவு நிகழ்ந்தது என்பதை மருத்துவரிடம் கூச்சமின்றிச் சொன்னால்தான் எந்த இடத்தில் மாதிரி எடுப்பது என்று அவருக்குத் தெரியும். மருத்துவரும் அதை முகம் சுளிக்காமல் கேட்கக் கற்றிருக்க வேண்டும். எல்லாரும் கற்றிருக்கிறார்கள் என்று என்னால் சொல்ல இயலவில்லை.

அடுத்தது காலம். பதற்றத்தில் மறுநாளே ஓடிவந்து ரத்தம் கொடுத்துவிட்டு, ‘நெகட்டிவ்’ என்ற தாளைப் பெற்றுக்கொண்டு மகிழ்ச்சியோடு போகிறவர்கள் உண்டு. அந்தத் தாள் அவருடைய பழைய நிலையைத்தான் சொல்கிறது. நேற்றைய நிகழ்வைப் பற்றி அது எதையும் அறியாது. உடலில் கிருமி புகுந்த நாளுக்கும், சோதனையில் அது தென்படும் நாளுக்கும் இடையே ஓர் இடைவெளி இருக்கிறது. கிளமிடியாவுக்கும் கொனோரியாவுக்கும் இரண்டு வாரங்கள் கழித்துப் பார்ப்பது நம்பத்தக்கது. எச்.ஐ.வி.யைப் பொறுத்தவரை, நாளத்திலிருந்து ரத்தம் எடுத்து ஆய்வகத்தில் ஆன்டிஜனையும் (வைரஸின் புரதம்) ஆன்டிபாடியையும் (அதை எதிர்த்து உடல் உண்டாக்கும் பொருள்) சேர்த்துப் பார்க்கும் சோதனை 45 நாள்களில் உறுதியான விடை தரும். விரல்நுனி ரத்தத்தில் உடனடியாகப் பார்க்கும் சோதனைகளுக்கும், வீட்டிலேயே செய்துகொள்ளும் சோதனைகளுக்கும் 90 நாள்கள் வரை பொறுத்திருக்க வேண்டும். சிபிலிஸின் முதல் புண் தோன்றவே 10 முதல் 90 நாள்கள் ஆகலாம் என்பதால், ஆரம்பத்தில் ஒன்றுமில்லை என்று வந்தாலும் மூன்றாம் மாத முடிவில் மறுபடி பார்ப்பது அவசியம்.

இவ்வாறு சொல்வதால், நாள் கணக்கு முடியும்வரை யாரிடமும் போகாமல் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. எச்.ஐ.வி. தொற்றியிருக்குமோ என்று அஞ்சத்தக்க நிகழ்வு நடந்திருந்தால், 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மாத்திரைகளைத் தொடங்கி 28 நாள்கள் உட்கொள்வதன் மூலம் தொற்று வேரூன்றாமல் தடுக்க முடியும். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. ஆகவே அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ரத்தப் பரிசோதனையின் இறுதி விடைக்குத்தான் காத்திருக்க வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு அந்த மூன்று நாள்களை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எல்லாவற்றையும் சோதித்துவிட வேண்டும் என்ற ஆர்வமும் சில நேரங்களில் தீங்கில் முடிகிறது. ஹெர்பிஸ் வைரஸுக்கான ரத்தப் பரிசோதனையை, கொப்புளமோ புண்ணோ ஏதும் இல்லாதவர்களுக்கு வழக்கமாகச் செய்யப் பரிந்துரைப்பதில்லை. உதட்டில் கொப்புளம் உண்டாக்கும் முதல் வகை ஹெர்பிஸ், 50 வயதுக்குட்பட்ட உலக மக்களில் பாதிக்கும் மேற்பட்டோரின் உடலில் இருக்கிறது. குழந்தைப் பருவத்தில் பெரியவர்கள் கொடுத்த முத்தத்தால் வந்ததாகவும் இருக்கலாம். அறிக்கையில் பாசிட்டிவ் என்று கண்டு ஒரு குடும்பம் உடைவதற்கு அது காரணமாகக் கூடாது. கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய எச்.பி.வி. வைரஸுக்கு ஆண்களிடம் வழக்கமாகச் செய்யும் பரிசோதனை என்று எதுவும் இல்லை. பெண்களுக்கோ, அந்தப் புற்றுநோயைத் தடுக்க, 30 வயது முதல் ஐந்து முதல் பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை அந்த வைரஸுக்கான சோதனையைச் செய்துகொள்ளும்படி உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது, எச்.ஐ.வி. உள்ள பெண்கள் 25 வயதிலிருந்தே, இன்னும் அடிக்கடி செய்துகொள்ள வேண்டும்.

பாசிட்டிவ் என்ற ஒரு சொல்லைப் பார்த்தவுடன் உலகமே முடிந்துவிட்டதாக நினைப்பவர்களுக்காகச் சிறிது கணக்குச் சொல்ல அனுமதிக்க வேண்டும். ஆயிரம் பேரில் ஒருவருக்கு மட்டுமே நோய் இருப்பதாகவும், நோய் இல்லாதவர்களில் நூற்றுக்கு 99.5 பேருக்குச் சரியாக ‘இல்லை’ என்று சொல்லும் நல்ல சோதனை ஒன்று நம்மிடம் இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். ஆயிரம் பேரையும் சோதித்தால், நோயுள்ள அந்த ஒருவரோடு நோயில்லாத ஐந்து பேருக்கும் பாசிட்டிவ் வரும். அதனால்தான் எச்.ஐ.வி. இருப்பதாக அறிவிப்பதற்கு முன் வெவ்வேறு சோதனைகள் மூன்றிலும் அடுத்தடுத்துப் பாசிட்டிவ் வர வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019 முதல் வலியுறுத்துகிறது. சிபிலிஸுக்கான வி.டி.ஆர்.எல். சோதனை, கர்ப்பத்திலும், லூபஸ் (உடலின் எதிர்ப்பாற்றல் உடலையே தாக்கும் நோய்), மலேரியா, தொழுநோய் போன்றவற்றிலும் தவறாகப் பாசிட்டிவ் காட்டக்கூடும், சிபிலிஸ் கிருமிக்கென்றே உருவாகும் ஆன்டிபாடியைத் தேடும் டி.பி.எச்.ஏ. போன்ற இன்னொரு வகைச் சோதனையால் அதை உறுதிசெய்ய வேண்டும். அந்த இரண்டாவது சோதனைக்கும் ஓர் இயல்பு உண்டு: முறையாகச் சிகிச்சை பெற்றுக் குணமான பின்னும், பெரும்பாலோருக்கு வாழ்நாள் முழுவதும் அது பாசிட்டிவாகவே இருக்கும். பத்து ஆண்டுகளுக்கு முன் குணமானவரை இன்றைய நோயாளி என்று வேலைக்கான மருத்துவச் சான்றிதழில் எழுதிவிடுவது அறியாமை. குணமானதை அளக்க உதவுவது வி.டி.ஆர்.எல். போன்ற சோதனைகளில் வரும் அளவு படிப்படியாகக் குறைவதுதான். எனவே சிகிச்சை பெற்றவர்கள் தம் பழைய அறிக்கைகளைத் தூக்கியெறியாமல் வைத்திருப்பது பயன்தரும்.

பரிசோதனை இல்லாமலே மருந்து வாங்கி விழுங்கும் பழக்கத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய ஆன்டிபயாட்டிக்கை இரண்டு நாள் சாப்பிட்டுவிட்டு, எரிச்சல் நின்றதும் நிறுத்திவிடுகிறார்கள். கொனோரியாவை எதிர்த்து முதலில் சல்பா மருந்துகள் தோற்றன. பிறகு பென்சிலின், டெட்ராசைக்ளின், சிப்ரோபிளாக்சசின் என ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றன. இப்போது செஃப்ட்ரியாக்சோன் ஊசியையே பெரிதும் நம்பியிருக்கிறோம். அதற்கும் எதிர்ப்புத் திறன் பெற்ற கிருமிகள் தலைகாட்டத் தொடங்கிவிட்டன. அரைகுறை மருந்து நோயைக் குணப்படுத்தாமல் அறிகுறியை மட்டும் மறைத்துவிடக்கூடும். அதன்பின் எடுக்கும் மாதிரியில் கிருமியைக் கண்டுபிடிப்பதும் கடினமாகலாம். ‘ரகசிய நோய்களுக்கு முழு நிவாரணம்’ என்று விளம்பரம் செய்வோர் எந்தப் பரிசோதனையும் செய்வதில்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டுகிறேன்.

துணைக்கும் சிகிச்சை கொடுக்காமல் ஒருவருக்கு மட்டும் கொடுப்பது வீண். கணவருக்கு மருந்து கொடுத்து, மனைவியிடம் சொல்லாமல் விட்டால், சில வாரங்களில் தொற்று மீண்டும் அவரிடமே திரும்பிவிடும். சிகிச்சை முடிந்து ஒரு வாரம் வரையேனும் உறவைத் தவிர்க்க வேண்டும். மூன்று மாதங்கள் கழித்து இருவரும் மறுபடி பரிசோதித்துக்கொள்ள வேண்டும். குணமாகிவிட்டதா என்ற அவசரத்தில் பத்தாம் நாளே கிளமிடியாவுக்குச் சோதித்தால், இறந்த கிருமிகளின் மரபணு எச்சத்தைக் கண்டே சோதனை பாசிட்டிவ் காட்டிவிடலாம். எச்.ஐ.வி.யோ மருந்தால் முற்றிலும் நீங்குவதில்லை. ஆயினும் ஒழுங்காக மருந்து உட்கொண்டு, ரத்தத்தில் வைரஸின் அளவு கண்டறிய முடியாத நிலைக்குக் குறைந்துவிட்டவரிடமிருந்து உடலுறவின் வழியே அது பரவுவதில்லை. பரிசோதனை முடிவை அஞ்சி ஒதுங்கி நிற்பவர்களுக்குச் சொல்ல வேண்டிய முதல் செய்தி இதுதான் என்பது என் கருத்து.

ஒன்றை எண்ணிப் பார்க்கிறேன். சிபிலிஸின் கிருமியை ஜெர்மானிய அறிவியலாளர்கள் ஷாடினும் ஹாஃப்மனும் 1905இல் கண்டறிந்தார்கள்; மறு ஆண்டே வாசர்மன் ரத்தப் பரிசோதனையைக் கண்டறிந்தார்; அந்நோய்க்கான எர்லிக்கின் சல்வார்சான் மருந்து 1910இல் வந்தது; பென்சிலின் இந்நோயைக் குணப்படுத்தும் என்பது 1943இல்தான் தெரிந்தது. நோய் இருப்பதை அறிந்தும் எளிதாகவோ முழுமையாகவோ தீர்க்க வழியற்று மனிதர்கள் வாழ்ந்த ஒரு காலம் இருந்தது. இன்றும் நம்மிடம் இருக்கும் அச்சமும் மறைப்பும் அந்தக் காலத்தவை. மருந்து மாறி எண்பது ஆண்டுகளுக்கும் மேலாகிவிட்டது.

கூச்சத்துக்கு ஆய்வகங்களும் மருத்துவமனைகளும் பொறுப்பேற்க வேண்டிய பங்கும் உண்டு. வரவேற்பு மேசையில் எல்லார் முன்னிலையிலும் பரிசோதனையின் பெயரை உரக்கப் படித்துக் கேட்பதும், அறிக்கையை உடன் வந்தவரிடம் கொடுத்தனுப்புவதும் ஒருவரை இனி அந்தப் பக்கமே வரவிடாமல் செய்துவிடும். எச்.ஐ.வி. பரிசோதனைக்கென உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கும் நெறிகள் ஐந்து: சம்மதம், ரகசியம், ஆலோசனை, சரியான முடிவு, சிகிச்சையோடு இணைத்துவிடுதல். இவற்றை எல்லாப் பால்வினைத் தொற்றுகளுக்கும் பின்பற்றுவதற்குப் பெரிய செலவேதும் இல்லை. தாழ்ந்த குரலும் மூடிய உறையும் போதும்.

தங்களிடம் எனக்குச் சில வேண்டுகோள்கள் இருக்கின்றன. பால்வினைத் தொற்று பற்றிய கட்டுரைகளோடு, கைகளால் முகத்தைப் பொத்திக்கொண்டிருக்கும் பெண்ணின் படத்தை வெளியிடுவதை நிறுத்த வேண்டுகிறேன். ஒரு சோதனைக்குழாயின் படமே போதுமானது. நோயைப் பற்றிய செய்தியில் ‘தகாத உறவு’ என்று எழுதுவதைத் தவிர்க்க வேண்டுகிறேன். பரிசோதனையின்றிக் குணப்படுத்துவதாகச் சொல்லும் விளம்பரங்களை ஏற்காதிருக்க வேண்டுகிறேன். வருமானத்தை இழக்கும்படி கேட்பதை அறிந்தே இதைக் கேட்கிறேன். மருத்துவக் கேள்வி–பதில் பகுதியில், எந்தத் தொற்றுக்கு எந்த மாதிரி, எத்தனை நாள் கழித்து, எப்போது மறுபரிசோதனை என்ற சிறு அட்டவணை ஒன்றை ஒரு மருத்துவரின் மேற்பார்வையில் தயாரித்து, மாதம் ஒருமுறையேனும் வெளியிடலாம். பெயரைச் சொல்லிக் கேள்வி கேட்கத் தயங்கும் வாசகர்கள் அதைக் கத்தரித்து வைத்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்பநர் ஒருவர்